கங்கம்மா வீட்டு ஜல்லி

திரிசூலத்தில் கங்கம்மாவின் வீட்டை ஒட்டி ஒரு ஜல்லிக் குவியல் முப்பது வருடமாகக் கிடந்தது. அதை யாரும் விற்கவில்லை, வீடு கட்டவும் எடுக்கவில்லை. அதன் மேல் பிரண்டை படர்ந்தது, பூனை குட்டி போட்டது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஏறிச் சறுக்கினார்கள். போன ஆவணியில் அந்தக் குவியல் அங்கிருந்து போயே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கே போவது என்பதை வேறு யாரும் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. கங்கம்மாவுக்கு அதைத் தவிர வேறு கேள்வியே இல்லை.

எனக்கும் முதலில் அது புரியவில்லை. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் தாவரவியல் நடத்தியவள் நான். ஒரு செடியின் முகத்தைப் பார்த்தால் அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவேன். மனிதர்கள் விஷயத்தில் கொஞ்சம் மந்தம். கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வரும். அந்தக் கோபத்தால் நான் பட்ட வெட்கத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. நாற்பத்தெட்டு வீடுகள். ஏழு வருடத்துக்கு முன்னால் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வந்தாள் கங்கம்மா. பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து எட்டரைக்கு வந்துவிடுவாள். ஒரே மாதத்தில் துடைப்பத்தை வேறொருத்திக்குத் தள்ளிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் தானாகவே நகர்ந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. ஏழு வருடம் சேர்ந்து மண்ணில் உட்கார்ந்து, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, மறுபடி பேசினவர்களுக்குள் 'அவர்' எப்படி வரும்?

எங்கள் நட்பு ஒரு வேட்டுச் சத்தத்தில் ஆரம்பித்தது. நான் குரோம்பேட்டையில் வளர்ந்தவள். அந்தக் காலத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மலைப்பக்கமிருந்து பாறைக்கு வைக்கிற வேட்டுச் சத்தம் கேட்கும். கண்ணாடி அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அப்பா உடனே கைக்கடிகாரத்தைத் திருகி மணியைச் சரிசெய்வார். ரேடியோ சொல்லும் நேரத்தைவிட மலைமேல்தான் அவருக்கு நம்பிக்கை. எங்கள் வீட்டில் சாதம் வடிப்பதும், அக்கா தலை பின்னிக்கொள்வதும், தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதும் எல்லாம் அந்த வேட்டுக்கு முன், வேட்டுக்குப் பின் என்றுதான் கணக்கு. மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். இப்போது அந்த மாடியும் இல்லை, மலையிலும் பாதி இல்லை.

இதை ஒரு நாள் பேச்சுவாக்கில் கங்கம்மாவிடம் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க மேஸ்திரி சம்பந்தத்துக்கு வவுறு பசிச்சா அதான் டீச்சர் பன்னெண்டு. பதினொன்னே முக்காலுக்கும் வேட்டு போட்டுகீறாரு, பன்னெண்டரைக்கும் போட்டுகீறாரு. அத்த வெச்சிகினா உங்க அப்பா கடியாரம் திருப்புனாரு?"

அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தால் இந்தச் செய்தியில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறவரை.

பதினான்கு வயதில் அம்மாவோடு கிரஷருக்குப் போனவள் கங்கம்மா. குவாரியில் உடைத்த கல்லை இரும்புப் பாண்டில் வாரி, தலையில் தூக்கி, மிஷின் வாயில் கொட்டவேண்டும். மறுபக்கம் பெரிய சல்லடை உருண்டு முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் ஜல்லி என்று பிரித்துத் தள்ளும். எல்லாம் போக அடியில் விழுவது பவுடர். கல்மாவு. காலையில் கறுப்பாகப் போகிறவர்கள் சாயங்காலம் வெள்ளையாகத் திரும்புவார்கள் என்று சொல்வாள். பாறையில் துளை போடுகிற ட்ரில் மிஷின் பிடிக்கிறவன் அன்பு.

வேட்டுக்கு முன்னால் மேஸ்திரி மூன்று தடவை விசில் ஊதுவாராம். சிவப்புக் கொடி ஏறும். எல்லாரும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கவேண்டும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஒரு நாள் ஆண்கள் பக்கம் இடம் இல்லை என்று அன்பு பெண்கள் பக்கம் வந்து நின்றான். அதற்கப்புறம் தினமும் அவனுக்கு அந்தப் பக்கம் இடமே கிடைக்கவில்லை. கடைசி வேட்டு வெடித்து, எத்தனை வைத்தோம் எத்தனை வெடித்தது என்று மேஸ்திரி எண்ணிச் சரிபார்த்து, கொடி இறங்குகிறவரை கால் மணி நேரம். சினிமாவும் பீச்சும் எங்களுக்கு அந்தக் கால் மணி நேரம்தான் என்பாள் கங்கம்மா. இதைச் சொல்லும்போது அறுபத்திரண்டு வயது முகத்தில் வெட்கம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் குரோம்பேட்டையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, டம்ளர் கிணுகிணுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

கல்யாணம் ஆனபின் மலையடியில் ஓட்டு வீடு. தளம் போட்ட வீடு கட்டவேண்டும் என்பது அன்புவின் ஆசை. சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு போகும்போது ஆளுக்கு ஒரு பாண்டு ஜல்லி எடுத்துக்கொள்ள முதலாளி அனுமதித்தார். நல்ல ஜல்லி இல்லை. கல்லை ஏற்றிப் போகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடப்பது, கால் ஜல்லியும் அரை ஜல்லியும் பவுடரும் கலந்தது. மூன்று வருடம், சனிக்கிழமைதோறும், அவன் தோளில் ஒன்று, அவள் தலையில் ஒன்று. இப்படிச் சேர்ந்ததுதான் அந்தக் குவியல். நான்காவது வருடம் அன்புவுக்கு இருமல் வந்தது. டிபி என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. கடைசி வருடம் வேலைக்குப் போக முடியாமல், காலை வெயிலில் அந்தக் குவியல்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பானாம். முப்பத்தெட்டு வயதில் போய்விட்டான். மகள் சத்யபிரியாவுக்குப் பத்து வயது.

பிறகு குவாரியை மூடினார்கள். கங்கம்மா ரோடு போடுகிற கும்பலோடு பத்துப் பன்னிரண்டு வருடம் போனாள். பொத்தேரிவரை ஜிஎஸ்டி ரோட்டின் எந்தத் துண்டில் தன் கை பட்டிருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போது விரலால் காட்டுவாள். மகளைப் படிக்கவைத்தாள். சத்யபிரியா இப்போது குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகன் கதிரேசனுக்குத் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் லேத் வேலை. இருவருமாகப் போன வருடம் தளம் போட்ட வீடு கட்டத் துணிந்தார்கள். அன்புவின் ஆசை ஒருவழியாக நிறைவேறப்போகிறது என்று நான் கங்கம்மாவுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம்தான் சொன்னாள். இப்போது யாரும் வாசலில் ஜல்லி கொட்டி, மணல் கொட்டிக் கலப்பதில்லை. ரெடிமிக்ஸ் வண்டி வந்து குழாயில் ஊற்றிவிட்டுப் போய்விடும். முப்பது வருடம் காத்திருந்த ஜல்லிக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. அளவு கலந்த கல், மண் ஏறின கல், கான்கிரீட்டுக்கு ஆகாது, அஸ்திவாரக் குழியில் போட்டு மூடிவிடலாம் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டார். மகளுக்கும் அது சரியாகவே பட்டது. அப்பா சேர்த்த கல் வீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டுமே என்று நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறாள்.

கங்கம்மாவால் மகளிடம் மறுத்துப் பேச முடியவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், "மண்ணுக்குள்ள ஒரு வாட்டி வெச்சாச்சு டீச்சர். இன்னொரு வாட்டி வெக்கச் சொல்றாங்க. கல்லாவது கண்ணுக்குத் தெரிஞ்சிகினு கீட்டுமே."

அந்தச் சமயம் எனக்கும் கல் வேண்டியிருந்தது. வாசல் கேட்டிலிருந்து காம்பவுண்ட் சுவரை ஒட்டி அறுபது அடி நீளத்துக்கு ஐந்தடி அகலத்தில் ஒரு பாத்தி. நாள் முழுக்க வெயில். எது வைத்தாலும் கருகிப்போகிற இடம். அங்கே சதைப்பற்றுள்ள செடிகளாக வைத்திருந்தேன்: சோற்றுக்கற்றாழை, நாலைந்து வகை அகேவ், அடீனியம், மருள், சதுரக்கள்ளி, கங்கம்மா கொண்டுவந்த பிரண்டை. இந்தச் செடிகளுக்குத் தாகம் ஒரு பொருட்டில்லை. கழுத்தில் ஈரம் நின்றால்தான் ஆகாது. மண்ணுக்கு மேல் இரண்டு விரல் கனத்துக்கு உடைத்த கல்லைப் பரப்பிவிட்டால் மழைத்தண்ணீர் சட்டென்று கீழே இறங்கிவிடும், சேறு இலையில் தெறிக்காது, களையும் அதிகம் வராது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவனுக்கு வெள்ளை மார்பிள் கல்தான் வேண்டும். மின்வாரியத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். ஏதோ ஓட்டல் வாசலில் பார்த்தாராம், பளிச்சென்று இருந்ததாம். அது ராஜஸ்தானத்துக் கல், நம் வெயிலில் கண்ணைக் குத்தும், ஒரு மழைக்குப் பச்சைப் பாசி பிடித்துக் குளக்கரைப் படிக்கட்டு ஆகிவிடும் என்றேன். கமிட்டியில் இருக்கிற திரிபுரசுந்தரி மேடம், கறுப்புக் கல் போட்டால் ரயில்வே லைன் மாதிரி இருக்கும் என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இந்த மலைக் கல்லைக் கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரர் சமாதிக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள் சார், உங்கள் கேட்டுக்கு ஆகாதா என்று கேட்டுவிட்டேன். சங்கக் கூட்டத்தில் எல்லாரும் சிரிக்க, செயலாளர் முகம் சுருங்கிப்போயிற்று. கடைசியில் ஒரு மழைக்காலம் பார்ப்போம் என்று முடிவானது. செடிகள் பிழைத்தால் கறுப்புக் கல் இருக்கும். அழுகினால் கட்டட இடிபாடு அள்ளுகிற லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வெள்ளைக் கல்.

கங்கம்மாவிடம் சொன்னேன். உன் கல் இங்கேயே வரட்டும் என்றதும் என் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். கல் தூக்கிக் காய்த்த கை, எனக்கு வலித்தது.

கதிரேசன் ஒரு குட்டியானை வண்டி பிடித்து ஐந்து நடையில் குவியலைக் கொண்டுவந்து சேர்த்தான். ஒரு பிடிகூட அங்கே விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முப்பது வருட மழையில் குவியலின் அடியில் இறங்கித் தங்கியிருந்த பவுடரையும் சுரண்டி, தனிச் சாக்குகளில் கட்டி எடுத்துவந்திருந்தாள். பாத்தியை மூன்று நாள் அவளே போட்டாள். பக்கத்தில் யாரையும் அண்டவிடவில்லை. முதலில் கல்லைப் பரப்பினாள். அதன் மேல் பவுடரைத் தூவினாள். தண்ணீர் தெளித்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு திமிசுக்கட்டை கொண்டுவந்து, செடிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து இடித்து இறுக்கினாள்.

முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவ்வளவு அழகு. ஒரு கல் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. நீலமும் கறுப்புமாகத் தரை வழவழவென்று கிடந்தது, சதுரக்கள்ளி அதிலிருந்தே முளைத்து நின்றது. நான் சின்ன வயதில் மாடியிலிருந்து பார்த்த மலையின் நிறம் என் கேட்டுப் பக்கம் வந்து படுத்திருந்தது. ஆறேழு போட்டோ எடுத்து எல்லா வாட்ஸாப் குழுவுக்கும் அனுப்பினேன்.

முப்பத்து நான்கு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேருக்குக் காற்று வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். கல்மாவு போட்டு இடித்தால் அது பாத்தி இல்லை, ரோடு என்று எனக்கு ஒரு நொடியில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டம்ளர் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது என் காதில். பழைய ஞாபகம் கண்ணை மறைத்துவிட்டது, அதற்கு நான் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்தது. முதல் நாளே பாத்திமேல் தண்ணீர் நின்றது. ரோட்டில் நிற்கிற மாதிரி கணுக்கால் அளவு. மூன்றாம் நாள் வடிந்தபோது அடீனியம் ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் அழுத்தினால் விரல் உள்ளே போனது. கற்றாழை மஞ்சளாகிச் சரிந்து கிடந்தது. அகேவ் இரண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அழுகல் வாடை கேட்வரைக்கும் அடித்தது.

ஸ்ரீநிவாசராகவன் குடையோடு வந்து பார்த்தார். குத்திக் காட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, பெருமூச்சுதான் விட்டார். அடுத்த திங்கட்கிழமை லாரி வரச் சொல்கிறேன் மேடம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டைக்கு ஆள் கிடைக்காமல் கங்கம்மாமேல் பாய்ந்தேன்.

"இது என்ன ஜிஎஸ்டி ரோடா? திமிசு போட்டு இடிச்சியே, லாரியா ஓடப்போகுது இதுமேல? மொத்தத்தையும் கொன்னுட்டியே."

பக்கத்தில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கங்கம்மா பாத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரு அப்டித்தான் சொல்லுவாரு டீச்சர். பவுடர் போட்டு இறுக்கலன்னா கல்லு நிக்காது, ஓடிப்போய்டும்னு." குரல் இறங்கிவிட்டது. "ஓடிப்போவக் கூடாதுன்னுதான் இடிச்சேன்."

நான் திரும்பிப் பார்க்காமல் லிஃப்ட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. போன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நானே கிளம்பித் திரிசூலத்துக்குப் போனேன். ஏழு வருடத்தில் அவள் வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. அதுவும் ஒரு வெட்கம்தான். தெருவின் கடைசியில் ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் பழைய குவாரிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். மலை இருந்த இடம். தலைக்கு மேலே விமானம் தாழ்வாக இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டை இடித்து அஸ்திவாரம் எழுப்பியிருந்தார்கள். பக்கத்தில் தகரக் கொட்டகையில் குடித்தனம். குவியல் இருந்த இடத்தில் புல் முளைக்காமல் வெளிறிய வட்டமாக மண் தெரிந்தது. அந்த வட்டத்தின் ஓரத்தில், சாய்வதற்கு ஒன்றும் இல்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் கங்கம்மா.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. டீச்சர்கள் யாருக்குமே இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என் மேல்தான் கங்கம்மா, பார்த்தபோதே எனக்குத் தெரிந்திருக்கணும் என்றேன். பிறகு பாடம் நடத்துகிறவளாகவே பேசினேன், எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கல் மேல் எந்தக் குற்றமும் இல்லை, கல்லுக்கு நடுவில் இருக்கிற சந்தில்தான் தண்ணீர் இறங்கணும், வேர் மூச்சு விடணும், அந்தச் சந்துகளையெல்லாம் பவுடர் அடைத்துவிட்டது, வேருக்கு மூச்சு முட்டிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். திங்கட்கிழமைக்குள் பெயர்த்து, சலித்து, பவுடரைத் தனியாக எடுத்துவிட்டால் கல்லைக் காப்பாற்றிவிடலாம்.

மூச்சு முட்டிவிட்டது என்ற இடத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மந்தம் என்று முன்னாலேயே சொன்னேன். சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே வந்துவிட்டாள். சத்யபிரியாவும் லீவு போட்டுக் கூட வந்திருந்தாள். வெயில் நன்றாக அடித்தது. இறுகிக் கிடந்த கல்லை மண்வெட்டியால் பெயர்த்துக் குவித்தாள் கங்கம்மா. மேல்பக்கம் அதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. நான் சும்மா நிற்க முடியாமல், காய்ந்த பக்கமாக ஒரு முறம் அள்ளிச் சல்லடையில் கொட்டி ஓர் ஆட்டு ஆட்டினேன். வெள்ளையாகத் தூசி எழும்பி என் முகத்தைச் சுற்றியது. இருமினேன்.

மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டது. கங்கம்மா ஓடிவந்து சல்லடையை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தாள். ஏழு வருடத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

"வெறுங்கல்லு சலிக்கக் கூடாது டீச்சர். தண்ணி ஊத்திகினு சலிக்கணும்."

ஒரு குடம் தண்ணீரைச் சல்லடைமேல் சாய்த்தாள். தூசி பாலாகக் கரைந்து கீழே ஓடியது. காற்றில் ஒன்றும் எழும்பவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவ்ளோதான். ஒரு கொடம் தண்ணி. அன்னிக்கு அங்க யாராவது ஊத்தி இருந்தா அந்த மன்சன் இருந்துருப்பாரு."

சத்யபிரியா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த வருடமே அப்பாவின் பழைய எக்ஸ்ரேயை அங்கே டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். டிபி இல்லை, கல்தூசி நுரையீரலில் படிந்த நோய் என்று அவர் சொல்லியிருக்கிறார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லாமல் வைத்திருந்தாளாம். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. நான் அந்த வேட்டுச் சத்தத்தை நாற்பது வருடமாக நெஞ்சில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அது முடிந்த பிறகு எழும்பின தூசியை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சலித்தோம். பவுடரின் கதை எப்படியோ பரவி, நாலைந்து வீட்டுப் பெண்கள் பக்கெட்டோடு வந்தார்கள். ஸ்ரீநிவாசராகவன் ஞாயிறு காலை வந்து ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு சங்கத்து ரப்பர் குழாயை எடுத்துவந்து மோட்டார் போடச் சொல்லி, தானே தண்ணீர் பிடித்தார். தண்ணீர் செலவைப் பற்றி வாராவாரம் நோட்டீஸ் ஒட்டுகிறவர் அவர். கழுவி முடித்த கல் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈரத்தில் அதற்குள் நீலமாக ஒன்று மின்னியது. லாரிக்காரனுக்கு வேண்டாம் என்று போன் பண்ணிவிட்டேன் என்றார், யாரையும் பார்க்காமல்.

பிழைத்த செடிகளை மேடாக்கி நட்டோம். சதுரக்கள்ளியும் மருளும் பிரண்டையும் அசையாமல் இருந்தன. அடீனியம் ஒன்றுகூடத் தேறவில்லை. கழுவின கல்லைக் கங்கம்மா கையாலேயே அள்ளித் தளர்வாகப் பரப்பினாள். இறுக்காமல் விடுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பரப்பிவிட்டு, பழக்கத்தில் காலைத் தூக்கி மிதிக்கப் போய், நிறுத்திக்கொள்வாள். மார்கழியில் ஒரு நாள் திடீரென்று மழை கொட்டியது. நாங்கள் இரண்டு பேரும் போர்ட்டிகோவில் நின்று பார்த்தோம். விழுந்த தண்ணீர் அத்தனையும் கல்லுக்குள் போனது. ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை. எந்தக் கல்லும் ஓடிப்போகவும் இல்லை.

சலித்த பவுடர் சேறாகப் படிந்து, காய்ந்து, ஏழு சாக்கு சேர்ந்திருந்தது. கேட் வாசலில் இருக்கிற பள்ளத்தை அதைப் போட்டு மூடலாம் என்று செயலாளர் யோசனை சொன்னார். கங்கம்மா ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி போகப் போக அது மறுபடி பறக்கும் என்றாள். கதிரேசனை வரச்சொல்லி ஏழு சாக்கையும் திரிசூலத்துக்கு ஏற்றினாள். இன்ஜினீயர் அன்றைக்குக் கேட்ட அதே அஸ்திவாரக் குழியில், மண்ணோடு மண்ணாகத் தண்ணீர் ஊற்றிக் கொட்டச் சொன்னாள்.

தரைக்குக் கான்கிரீட் போடுகிற அன்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். ரெடிமிக்ஸ் வண்டி சந்துக்குள் வர முடியாமல் முனையில் நின்று, குழாய் வழியாக ஊற்றியது. கங்கம்மா குழிக்குப் பக்கத்திலேயே நின்று, அது மூலைக்கு மூலை பரவி மூடுகிறவரை பார்த்தாள். உட்காரச் சொல்லி மகள் நாற்காலி போட்டாள், உட்காரவில்லை.

"எல்லாம் உள்ள போய்டுச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

போய்விட்டது என்றேன். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றிருந்தவள் அப்போதுதான் அதை எடுத்தாள். வேலைக்கு நேரமாகிறது, பாத்தியில் களை எடுக்க வேண்டும் என்று சொல்லி என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.